ஓடு கிடைக்காத கரை
காட்டுப்பள்ளியும் தொல்லியலைக் கையில் எடுக்கும் கலையும்

கொசஸ்தலையாற்றோடு இறங்கி வந்தால், மனிதக் கை பட்ட பொருள்களில் மிகப் பழையதும் மிகப் புதியதும் ஒரே ஆற்றின் இரண்டு முனைகளில் கிடப்பதைப் பார்க்கலாம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கல் கைக்கோடரிகள். எண்ணூர் முகத்துவாரத்திலும், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குப் பின்புறத்து உப்பங்கழியிலும், அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்து இறங்கிய நிலக்கரிச் சாம்பல். இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தொல்லியலிலிருந்தும் மாறிவரும் நிலத்திலிருந்தும் தன் வேலையை எடுத்துக்கொள்ளும் ஓவியருக்கோ சிற்பிக்கோ ஒளிப்படக்காரருக்கோ இதைவிடப் பொருத்தமான ஆறு தமிழ்நாட்டில் வேறெது இருக்கும்? ஆனாலும் நம் கலைஞர்களின் தொல்லியல் ஆர்வம் பெரும்பாலும் வைகைக் கரைக்கும் தாமிரபரணிக் கரைக்கும்தான் போகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு போனால், தொல்லியலைக் கலை எப்படிக் கையாளலாம் என்ற கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது.

தொடக்கம் ஒரு சரளைக் குழி. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், கல் தோண்டிய ஒரு குழியில், நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அன்று தொடங்கியதாகச் சொல்வது வழக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபூட் நீர்வண்ணத்தில் நன்றாக வரையத் தெரிந்தவர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 1866-ல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வந்த அவருடைய கட்டுரையோடு கற்கருவிகளின் கல்லச்சுப் படங்களும் சேர்ந்தே வெளியாயின. திருவள்ளூர் மண்ணைத் தொல்லியலோடு இணைத்துப் பார்த்த முதல் கண் ஓவியம் பழகிய கண் என்றே சொல்லலாம்.

தொல்லியலாளர் வரையும் படங்களில் பல வகை உண்டு. முதல் வகை பொருட்படம். கோடரியை மண்ணிலிருந்து எடுத்து, கழுவி, வெள்ளைத் தாளில் தனியாக நிறுத்தி, முன்பக்கமும் பக்கவாட்டும் காட்டுவது. அதில் பொருள் பளிச்சென்று தெரியும். அது கிடந்த மண் காணாமல் போய்விடும். இன்னொன்று வெட்டுமுகப் படம். குழியின் செங்குத்துச் சுவரை அப்படியே தாளுக்குக் கொண்டுவந்து எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் படிந்தது என்று அடுக்கடுக்காகக் காட்டுவது. அதில் கோடரி ஒரு சிறு புள்ளி மட்டுமே. மூன்றாவது தரைப்படம், மேலிருந்து பார்த்த சுவர்களும் குழிகளும். அத்திரம்பாக்கத்தின் உண்மையான புகழ் வெட்டுமுகத்தில்தான் இருக்கிறது. 1999 முதல் சாந்தி பப்புவும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தைச் சேர்ந்த அவருடைய குழுவினரும் அங்கே அகழ்ந்தார்கள். கல் மண்ணுக்குள் புதைந்த பிறகு அதிலுள்ள சில தனிமங்கள் சிதையும் வேகத்தைக் கொண்டும், மண் படிந்தபோது அதில் பதிவான காந்தத் திசையைக் கொண்டும் காலம் கணித்தார்கள். கோடரிகள் குறைந்தது 10 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவை, சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். 2018-ல் ‘நேச்சர்’ இதழில், நடுப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் இங்கே ஏறக்குறைய 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது என்று காட்டினார்கள். அகழ்குழியின் சுவரைப் பார்க்கத் தெரியாதவருக்கு இந்த எண்கள் எதுவும் கிடைத்திருக்காது.

நம் கலைஞர்கள் பொருட்படத்தைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டார்கள். கீழடி 2014-15க்குப் பிறகு ஊர்ப்பேச்சானது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். கறுப்பு-சிவப்புப் பானையும் தமிழி எழுத்தும் சுவரோவியமாக, நாட்காட்டியாக, புத்தக அட்டையாக, சட்டையில் அச்சாக எங்கும் வந்தன. டிராட்ஸ்கி மருது ‘வாளோர் ஆடும் அமலை’யில் பழந்தமிழ் மன்னர்களை வரைந்தபோது, நாடக ஜிகினாவிலிருந்தும் சினிமாக் கிரீடத்திலிருந்தும் அவர்களை மீட்டார். உடை, ஆயுதம், உடல்வாகு எல்லாவற்றையும் இந்த மண்ணின் சான்றுகளைக் கொண்டு யோசித்தார். தமிழ்க் கற்பனைக்கு அது செய்த உதவி பெரிது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவரைப் பின்பற்றி வந்த பலரிடம் எஞ்சியது பெருமிதம் மட்டுமே. பானை இருக்கிறது, பானை கிடந்த குழி இல்லை. கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு அந்தப் பெருமிதமும் கிட்டவில்லை. பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்து இரும்புக் காலம் முதலான சான்றுகளை எடுத்தது. அதை எந்தச் சட்டையிலும் நான் பார்த்ததில்லை. கைக்கோடரியைச் செய்தவர்களோ நம் இனத்தவர்கூட அல்லர், வேறு மனித வகையினர். அவர்களிடம் மொழிப் பெருமை கொண்டாட வழியில்லை. கலைஞர்கள் வைகைக்குப் போவதற்கு இதுவே காரணம்.

வெட்டுமுகத்தை நெருங்கிய கலைஞர் என்று விவான் சுந்தரத்தைச் சொல்வேன். 2012-ல் முதல் கொச்சி-முசிறி பியன்னாலேயில் அவர் செய்த ‘பிளாக் கோல்ட்’, பட்டணம் என்ற ஊரின் அகழ்வில் கிடைத்த பானையோடுகளைக் கொண்டு உருவானது. 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் அங்கே அகழ்ந்ததில் ஓடுகள் மலையாகக் குவிந்திருந்தன. காட்சிப்பெட்டிக்குப் போகும் தகுதியில்லை என்று ஒதுங்கியவற்றைத் தரையில் பரப்பி, அவர் ஒரு கற்பனைத் துறைமுக நகரத்தை எழுப்பினார். பிறகு அதில் நீரைப் புகவிட்டுப் படம் பிடித்தார். உடைந்ததும் ஒதுக்கியதும்தான் தொல்லியலின் உண்மையான கச்சாப் பொருள் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். 1999-ல் லண்டனில் மார்க் டயன் தேம்ஸ் கரைச் சேற்றைத் தன்னார்வலர்களோடு சலித்து, பழைய புகைக்குழாய்த் துண்டையும் நேற்றைய பிளாஸ்டிக்கையும் ஒரே அலமாரியில் அடுக்கியதும் இந்த வழிதான். பழையது உயர்வு, புதியது குப்பை என்ற வரிசை அங்கே கலைந்துபோனது.

இந்த அளவுகோலோடு காட்டுப்பள்ளிக்கு வருவோம்.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழியும், தெற்கே எண்ணூர், வடக்கே பழவேற்காடு. நடுவே நீளமாகக் கிடக்கும் மணல்திட்டு. இதன் அடியிலும் சுற்றிலும் இருப்பவை ஒரு நல்ல வெட்டுமுகத்துக்கு வேண்டியதற்கு மேலேயே. பாலாறு ஒரு காலத்தில் கொசஸ்தலையாற்றின் தடத்தில் ஓடியது என்று நிலவியலார் கருதுகிறார்கள். பழவேற்காட்டு ஏரியின் சேற்றுக்கு அடியில், ஏரி இன்றைவிடப் பரந்து கிடந்த காலத்துச் சிப்பிகள் படுகை படுகையாகக் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். அதற்கு மேல் டச்சுக்காரர்கள் வருகிறார்கள். 1613-ல் எழுந்த கெல்டிரியா கோட்டை கோரமண்டல் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக இருந்தது. துணி போனது, வெடிமருந்து போனது, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறிப் பட்டாவியாவுக்குப் போனார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாப்பதோ அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தை. வாசலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய அந்தக் கல்லறைகளைப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி கிடையாது. அடிமைகளுக்கு அங்கே கல் இல்லை.

அதன் பிறகு வந்த அடுக்குகள் விரைவாக வந்தன. 1806-ல் தொடங்கிய உப்புநீர்க் கால்வாய், 1870களின் பஞ்ச நிவாரண வேலையோடு நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. 1994-ல் வட சென்னை அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம். முதல் வேலையே ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரியை இறக்குவது. 2010-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. 2013-ல் எல் அண்ட் டி கட்டிய காட்டுப்பள்ளித் துறைமுகம்; குப்பத்து மீனவர்கள் இடம் பெயர்ந்தார்கள். 2018-ல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகப் பெருக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரியில் அறிவித்த மக்கள் கருத்துக்கேட்பு தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மீண்டும் அறிவித்ததும் நடக்கவில்லை.

கடல் இதில் சும்மா இருப்பதில்லை. இந்தக் கரையில் அலை மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. குறுக்கே சுவர் எழுந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்பு எழுந்த பிறகே மெரினா இத்தனை அகலமானது. அதே சுவருக்கு வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. நாம் மாலையில் சுண்டல் தின்னும் மணல், வடக்கே இருந்தவர்களின் வீட்டு வாசலுக்குப் போகவிடாமல் தடுத்து நிறுத்தியதுதான். எண்ணூர்த் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதே கணக்கைப் பழவேற்காட்டுப் பக்கம் நகர்த்தியிருக்கின்றன.

சாம்பலுக்கு வருகிறேன், ஏனென்றால் கலைஞருக்கு இதுதான் முதன்மையான பொருள். நிலக்கரியை எரித்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் பல இடங்களில் ஒழுகியது. ஆழமாக இருந்த கழி, மீனவர் இடுப்பளவில் நிற்கும் இடமாயிற்று, பிறகு முழங்காலளவாயிற்று. நுண்ணோக்கியில் பார்த்தால் சாம்பல் துகள்களில் பல கண்ணாடி உருண்டைகள். இயற்கையின் எந்த மணலிலும் இத்தனை உருண்டை இருக்காது. மனிதனின் கை பூமியையே மாற்றிவிட்ட யுகம் என ஒன்றைப் பிரிக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் காட்டிய அடையாளங்களில் எரிபொருள் சாம்பல் துகளும் ஒன்று. 2024 மார்ச்சில் நிலவியலாளர் குழு அந்த முன்மொழிவை வாக்கெடுப்பில் தள்ளிவிட்டது. யுகத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை, கொசஸ்தலையாற்றில் அடுக்கு மட்டும் விழுந்துவிட்டது. அதற்கு மேல் இன்னொன்றும் படிகிறது. எண்ணூர் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் அயல்நாட்டுச் சிப்பி, கப்பல்களின் சமநிலைத் தண்ணீரில் வந்ததாகக் கருதப்படுவது, ஆற்றுத் தரையைக் கம்பளமாக மூடி இறால் புதைய இடமில்லாமல் செய்துவிட்டது. அடியில் பழங்காலச் சிப்பி, மேலே தென்னமெரிக்கச் சிப்பி, நடுவே தால்ச்சேர் சாம்பல். எந்த ஓவியரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

சுரங்கம் தோண்டும் முனையை வரைகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். சந்திரபூர் மாவட்டத்துச் சாஸ்தியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பிரபாகர் பாச்புதே கரித்துண்டால் சுரங்க நிலத்தை வரைகிறார். பாதி மனிதன், பாதி எந்திரமாக அவருடைய உருவங்கள் தோண்டிய மண்ணில் நடக்கின்றன. 2022-ல் வெனிஸ் பியன்னாலே வரை அவை போயின. அமர் கன்வர் ஒடிசாவின் சுரங்க நிலத்தைப் படமாகவும் நெல்விதையாகவும் ஆவணமாகவும் சேர்த்து ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’ என்று அமைத்தார். தோண்டும் முனைக்கு ஓவியம் கிடைத்திருக்கிறது, கொட்டும் முனைக்குப் போதுமான அளவு இன்னும் கிடைக்கவில்லை.

எண்ணூரில் கலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2017-ல் கேபர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கிய ‘சென்னை புறம்போக்கு பாடல்’ அனல்மின் நிலையத்தைப் பின்னணியாக்கிக் கர்நாடக சங்கீதத்தைச் சேற்றில் நிறுத்தியது. பல ஆண்டு மனுக்களைவிட அந்த ஒரு காணொளி நகரத்தின் கண்ணை வடக்கே திருப்பியது. 2018-ல் ஆறுகளைப் பற்றி ரவி அகர்வாலும் ஃப்ளோரியான் மாட்ஸ்னரும் சென்னையில் தொகுத்த கண்காட்சி, கூவம் கரையில் நடக்க வேண்டியது. அனுமதி கைகூடாமல் லலித் கலா அகாதமியின் சுவர்களுக்குள் போனது. ஆற்றங்கரையில் ஆற்றைப் பற்றிப் படம் வைக்க முடியாத ஊர் நம் ஊர். மீன் விற்கும் தாய்க்கு மகனான எம். பழனிகுமார் தான் படம் எடுப்பதோடு நிற்காமல், வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துப் பயிற்றுவித்தார். புகைபோக்கியை அழகாக எடுக்க வெளியூர்க்காரர் ஆயிரம் பேர் வருவார்கள். சாம்பல் வெளி ஒளிப்படத்தில் நிலவுபோல அழகாக விழும் என்பது இந்த ஊருக்கு நேர்ந்த தனிச் சாபம். பெரிய அளவில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய அத்தகைய படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. உள்ளூர்ப் பிள்ளை எடுக்கும் படத்தில் புகைபோக்கி ஓரத்தில் இருக்கும், நடுவே யாரோ வலை உதறிக்கொண்டிருப்பார்கள்.

அந்த வலையிடம்தான் வெட்டுமுகமும் தோற்றுப்போகிறது. தொல்லியல், எஞ்சியதைப் படிக்கும் கலை. கல், ஓடு, எலும்பு, சுவர், சாம்பல் எஞ்சும். கழியில் வாழ்ந்த வாழ்க்கை எஞ்சாது. பழவேற்காட்டில் பாடு என்ற ஏற்பாடு இருக்கிறது. எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டையில்லாமல் தண்ணீரைப் பங்குபோடும் இந்த முறைக்குக் கல்வெட்டு இல்லை, வேலி இல்லை. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கவ்வியபடி சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிப்பதற்குக் கருவியே கிட்டத்தட்ட இல்லை. பனையோலைப் பறி இரண்டு மழைக்குத் தாங்காது. மணல்மேல் எழுந்த குப்பம் நகர்ந்தால் கடப்பாரைக்கு எதுவும் தட்டுப்படாது. 15 லட்சம் ஆண்டு கழித்தும் கோடரி கிடைத்த இதே ஆற்றில், முப்பது ஆண்டுக்கு முன் மனிதர் நின்ற இடத்துக்குச் சான்று கிடையாது. வருங்காலத்து அகழ்வாளர் காட்டுப்பள்ளியில் குழி போட்டால் சாம்பலையும் அலைத்தடுப்புக் கான்கிரீட்டையும் எடுத்து வைத்து, இங்கே வாழ்ந்தவர்கள் துறைமுகக்காரர்கள் என்று எழுதிவிட்டுப் போவார். அதிலும் ஆழப்படுத்தும் கப்பல் வாரியெடுத்த இடத்தில் அடுக்கே இருக்காது. அகழ்வாளர் குழி போடுவதற்கு முன்பே எந்திரம் போட்டுவிட்ட குழி அது.

ஆவணமும் கைவிடும். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை மேலாண்மை வரைபடம் எண்ணூர்க் கழியைக் காக்க வேண்டிய நீர்நிலையாகக் காட்டுகிறது. பிறகு மாநில அரசிடமிருந்து வந்த வரைபடத்தில் அந்தக் கழியே இல்லை என்று 2017-ல் மீனவர்களும் சூழலியல் செயல்பாட்டாளர்களும் வெளிப்படுத்தினார்கள். ஓடு இல்லாத ஊருக்கு வரைபடமும் இல்லாமல் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனக்கு இங்கே பொருத்தமாகப் படுகிற முன்மாதிரி கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ 2011-ல் வெளியானது. தோம்பு என்பது டச்சுக் கம்பெனி யாழ்ப்பாணத்தில் எழுதிவைத்த நிலப் பதிவேடு. பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே கம்பெனி. போரில் வீட்டை விட்டு ஓடிய தமிழரையும் முஸ்லிம்களையும் உட்காரவைத்து, இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கையால் வரையச் சொன்னார். அதையே கட்டடக்கலை வரைபடமாக மெல்லிய தாளில் மீண்டும் வரைந்தார்கள். அதனோடு தன் ஓவியத்தையும் அவர்கள் சொன்ன கதையையும் சேர்த்து, அலுவலகக் கோப்பு போலக் கட்டினார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் என்று கோணலான கோடுகள் சொல்கின்றன. அளவு தவறாக இருக்கும். தவறிய அளவில்தான் எது பெரிதாக நினைவிருக்கிறது என்பது தெரிகிறது. அரசாங்கம் எழுதும் பதிவேட்டின் வடிவத்தை எடுத்து, அரசாங்கம் எழுதாததை அவர் அதில் எழுதினார். பொருள் இல்லாத இடத்தில் செய்த தொல்லியல் அது.

காட்டுப்பள்ளிக்கு அதை அப்படியே பெயர்த்துவர முடியாது. வீட்டுக்குச் சுவர் உண்டு, தண்ணீருக்கு இல்லை. வலைக்காரர் நினைவில் இருப்பது ஆழம், ஓட்டம், தரையின் வகை, எந்தக் காற்றில் எந்த மீன் என்பவை. இவற்றை எந்தக் கோட்டால் வரைவது என்பது தீர்க்கப்படாத ஓவியச் சிக்கல், கலைக்கல்லூரி மாணவர் ஒருவர் ஆயுள் முழுவதும் பிடித்துக்கொள்ளத் தகுந்தது. எண்ணூர் மீனவர்கள் தாங்களே கழியை வரைபடமாக்கி ஆக்கிரமிப்பைக் குறித்த வேலை ஒரு நல்ல தொடக்கம். அது வழக்குக்காகவும் மனுவுக்காகவும் செய்தது, அதனால் எல்லைக்கோடுகளே அதில் முதன்மை. பாடுகளின் பெயர்களும், மஞ்சள் மட்டி கிடைத்த திட்டுகளும், இறால் பதுங்கிய சேற்றின் நிறமும் இன்னொரு தாளில் வர வேண்டும். அந்தத் தாளை வெட்டுமுகத்துக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் சாம்பல் எதன் மேல் விழுந்தது என்பது தெரியும். 1994-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியபோது இருபது வயதில் அந்த ஆற்றில் வலை இழுத்தவருக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு முந்திய தலைமுறையில் நீரோட்டத்தைக் காலாலேயே அறிந்தவர்கள் இன்னும் சிலர் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரத்துக் குப்பத்திலும் இருக்கிறார்கள். தாளோடு போக வேண்டிய முதல் இடம் அவர்களுடைய திண்ணை.